வாய்மொழியாகக் கொடுத்த உதவித்தொகையைப் பயிற்சியாளர் திரும்பப் பெறலாமா?

ஓஹாயோவில் வசிக்கும் ஒரு தாயின் கேள்வி இது. அவருடைய மகன் பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறான். பதினோராம் வகுப்பு முடிந்த கோடையில், கல்லூரி விளையாட்டின் மிக உயர்ந்த நிலையான டிவிஷன் 1-ஐச் சேர்ந்த பல்கலைக்கழகம் ஒன்றின் உதவிப் பயிற்சியாளர் தொலைபேசியில் அழைத்து, முழு உதவித்தொகை தருவதாகச் சொன்னார். பையன் அன்றே ஒப்புக்கொண்டான். தேடி வந்த வேறு இரண்டு கல்லூரிகளிடம் இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லி நன்றி கூறிவிட்டான். நவம்பரில் கையெழுத்துக்குக் காகிதம் வரவில்லை. கேட்டபோது, 'வசந்த காலத்தில் பார்த்துக்கொள்ளலாம், உன் இடம் உனக்குத்தான்' என்று பதில் வந்தது. ஏப்ரலில் மறுபடி அழைத்தார்கள்: வேறொரு கல்லூரியிலிருந்து அனுபவமுள்ள ஆட்டக்காரர் ஒருவர் வருகிறார், ஆகவே இடம் இல்லை. 'இது நியாயமா? நீதிமன்றம் போகலாமா?' என்று கேட்டிருக்கிறார்.

கேள்வி ஒன்றுபோலத் தெரிந்தாலும் இதற்குள் மூன்று இருக்கின்றன. விளையாட்டு நிர்வாகத்தின் விதி இதை அனுமதிக்கிறதா, நாட்டின் சட்டம் அனுமதிக்கிறதா, இரண்டும் அனுமதித்தாலும் இது சரியா. நான்காவதாக ஒன்றையும் அந்தத் தாய் கேட்காமல் கேட்டிருக்கிறார்: நம்பியது எங்கள் தவறா? அதற்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. பெரியவர்கள் சொன்னதை நம்பி, மற்றவர்களை வீணாகக் காத்திருக்க வைக்காமல் விலகிக்கொண்ட பையனிடம் எந்தத் தவறும் இல்லை.

நான் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில், கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். பயிற்சியாளர்கள் யாரை எப்போது அழைக்கலாம், எந்தக் காகிதத்தை எப்போது அனுப்பலாம் என்பதைப் பார்த்துக்கொள்வதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. ஆகவே விதிகளைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். நான் வழக்கறிஞன் அல்ல. சட்டம் பற்றிச் சொல்வதை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனை அழைத்த பயிற்சியாளரின் தரப்பை நான் கேட்கவில்லை என்பதால், அவருடைய மனதில் என்ன இருந்தது என்றும் சொல்லப்போவதில்லை.

முதலில் விதி. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதிகளில் வாய்மொழி உதவித்தொகைக்கு எந்த மதிப்பும் இல்லை. அதைக் கொடுக்க அனுமதியும் தேவையில்லை, திரும்பப் பெறத் தடையும் இல்லை. எழுத்துப்பூர்வமான உதவித்தொகைக் கடிதத்தைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 முதல்தான் அனுப்ப முடியும். கையெழுத்திடும் முதல் வாய்ப்பு நவம்பரில் வருகிறது, அடுத்தது ஏப்ரலில். அதற்கு முன் பேசப்படுவதெல்லாம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தாத பேச்சு. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் 'எங்களுக்குப் பிடித்திருக்கிறது' என்று சொல்லி அனுப்புவதைப் போன்றது அது. நிச்சயதாம்பூலம் இன்னும் மாற்றவில்லை. ஆனால் பையனின் வீட்டில் அதைக் கல்யாணமே முடிந்ததைப்போல எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ளும்படிதான் எதிர்த்தரப்பும் பேசுகிறது.

அந்தக் காகிதம் எப்படி இருக்கும் என்று பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓரிரு பக்கங்கள்தான். மாணவரின் பெயர், எந்தக் கல்வியாண்டு முதல் எதுவரை என்ற காலம், கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம் ஆகியவற்றில் எவையெல்லாம் அடங்கும் என்ற விவரம், உதவியை எந்தக் காரணங்களுக்காக நிறுத்தலாம் என்று ஒரு பத்தி, கடைசியில் கையெழுத்துகள். பல்கலைக்கழகத்தின் நிதி உதவி அலுவலகம் ஒப்பமிடாமல் அது செல்லாது. அங்கே பயிற்சியாளரின் கையெழுத்து மட்டும் போதாது. உங்கள் மகனிடம் ஆறு மாதமாகத் தொலைபேசியில் பேசியவருக்குப் பல்கலைக்கழகத்தின் பணத்தைத் தனியாக ஒதுக்கும் அதிகாரமே கிடையாது. இதைப் பெற்றோரிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

கையெழுத்தான பிறகு நிலைமை முற்றிலும் வேறு. அதன்பின் உதவியை விலக்கிக்கொள்ளக் காரணங்கள் மிகக் குறைவு: மாணவர் ஆடும் தகுதியை இழப்பது, விண்ணப்பத்தில் பொய் சொல்லியிருப்பது, கடுமையான ஒழுங்கீனம், தாமாகவே விளையாட்டை விட்டு விலகுவது. இன்னும் நல்ல ஆட்டக்காரர் கிடைத்துவிட்டார் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே உங்கள் வீட்டில் நடந்தது ஏப்ரலில் தொடங்கவில்லை. நவம்பரில் காகிதம் வராதபோதே தொடங்கிவிட்டது. அந்த இடம் அவனுக்கே என்று உறுதியாக முடிவு செய்திருந்த ஒரு கல்லூரி நவம்பரில் கையெழுத்தைத் தள்ளிப்போட வேண்டிய தேவை பொதுவாக வராது. தள்ளிப்போட்டார்கள் என்றால், அந்த இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏப்ரல் சந்தையைப் பார்க்க விரும்பினார்கள் என்பதே பெரும்பாலும் காரணம். மதிப்பெண் சான்றிதழுக்காகக் காத்திருப்பது போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அப்படி இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு பலகையைப் பார்க்க வேண்டும். பயிற்சியாளர்களின் அறையில், வெளியாட்கள் வந்தால் திரை இழுத்து மூடப்படும் வெள்ளைப் பலகை அது. இடது ஓரத்தில் 1 முதல் 13 வரை எண்கள். டிவிஷன் 1 ஆண்கள் அணிக்கு நெடுங்காலமாக இருந்த உதவித்தொகை வரம்பு அதுதான். பெண்கள் அணிக்கு 15. மேலே, வரப்போகும் நான்கு கல்வியாண்டுகள். ஒவ்வொரு கட்டத்திலும் காந்தப் பட்டையில் எழுதிய ஒரு பெயர். படிப்பை முடிப்பவரின் பட்டை ஒரு கட்டத்தோடு நின்றுவிடும். அடுத்த ஆண்டின் கட்டம் காலியாகத் தெரியும். அந்தக் காலிக் கட்டத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பட்டியல், ஐந்து அல்லது ஆறு பெயர்கள், மேலிருந்து கீழாக வரிசைப்படி. ஒரே இடத்துக்காக அந்த ஆறு பேரிடமும் 'உனக்கு உதவித்தொகை தருகிறோம்' என்று சொல்லியிருப்பார்கள். முதல் பெயர் சம்மதித்தால் மற்ற ஐந்தும் அழிக்கப்படும். நான்காவது பெயர் முதலில் சம்மதித்தால் சிக்கல். ஒப்புக்கொண்டால் மேலே இருக்கும் மூவரை இழக்க நேரும். மறுத்தால் அவனும் போய்விடுவான். அப்போது சொல்லப்படுவதுதான் 'வசந்த காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்'.

கணக்கைப் பாருங்கள். அமெரிக்கப் பள்ளிகளில் கூடைப்பந்து ஆடும் பையன்கள் 5 லட்சத்துக்கு மேல். டிவிஷன் 1 ஆண்கள் அணிகள் சுமார் 360. ஓர் அணியில் ஆண்டுக்குச் சராசரியாக மூன்று நான்கு இடங்கள் காலியாகும். அவற்றிலும் ஒரு பகுதிதான் பள்ளியிலிருந்து நேராக வருபவர்களுக்குப் போகிறது. இடம் இவ்வளவு அரிதாக இருக்கும்போது, கொடுக்கும் பக்கம் என்ன சொன்னாலும் வாங்கும் பக்கம் தலையாட்டும். 2008இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் அன்றைய பயிற்சியாளர் பில்லி கில்லிஸ்பி, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு வாய்மொழியாக உதவித்தொகை கொடுத்தார்; பையனும் சம்மதித்தான். அடுத்த ஆண்டே கில்லிஸ்பி பதவி இழந்தார். அந்தப் பையன் கென்டக்கிக்கு ஆடவே இல்லை. 2009இல் என்.சி.ஏ.ஏ., ஆண்கள் கூடைப்பந்தில் ஏழாம் வகுப்பு மாணவர்களையும் 'ஆள்சேர்ப்புக்கு உட்பட்டவர்கள்' என்று வரையறுத்தது. அந்த வயதுப் பிள்ளைகளைப் பயிற்சியாளர்கள் ஏற்கெனவே நெருங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை விதிக்குள் கொண்டுவரவே அந்த மாற்றம்.

வாக்கு பிறழ்வது பழைய கதைதான். ஆனால் ஏப்ரல் மாதம் இவ்வளவு கொடியதாக மாறியது அண்மையில். முன்பெல்லாம் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஓராண்டு ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே பயிற்சியாளருக்கு அடுத்த பருவத்துக்கே ஆள் வேண்டுமென்றால் பெரும்பாலும் பள்ளி மாணவர்தான் வழி. 2018 அக்டோபரில் கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பதிவேடு வந்தது. 2021இல், ஒருமுறை மாறினால் உட்கார வேண்டியதில்லை என்றார்கள். 2024 ஏப்ரலில், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாகிவிட்டது. இதற்கிடையே கொரோனா காலத்தில், 2020–21 பருவத்தைக் கணக்கில் சேர்க்காமல் எல்லோருக்கும் ஓராண்டு கூடுதலாகக் கொடுத்தார்கள்; வெளியேற வேண்டிய மூத்தவர்கள் தங்கிவிட்டார்கள். இன்று ஏப்ரலில் ஒரு பயிற்சியாளருக்கு முன்னால் இருபத்திரண்டு வயதில், உடல் முதிர்ந்து, நூறு கல்லூரி ஆட்டங்கள் ஆடிய ஒருவரும், பதினெட்டு வயதுப் பையன் ஒருவனும் நிற்கிறார்கள். தோற்றால் வேலை போகும் என்ற நிலையில் அவர் யாரை எடுப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

போர்ட்டலை நான் குறை சொல்ல மாட்டேன். பயிற்சியாளர்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு அடுத்த நாளே வேறு ஊரில் வேலைக்குச் சேரும்போது மாணவன் மட்டும் ஓராண்டு தண்டனை அனுபவித்தது பெரிய அநியாயம். அது போனது நல்லதே. ஆனால் அந்தச் சுதந்திரத்தின் விலையை இதுவரை பள்ளி மாணவர்கள்தாம் கொடுத்துவருகிறார்கள், அவர்களைக் காக்க யாரும் எந்த விதியும் எழுதவில்லை. இதுதான் என் முக்கியமான வருத்தம்.

கையெழுத்திட்டவர்களின் நிலை மெல்ல மெல்லவாவது மேம்பட்டிருக்கிறது. 1973 முதல் உதவித்தொகை ஓராண்டுக்கு மட்டுமே என்று இருந்தது. ஒவ்வொரு கோடையிலும் புதுப்பிப்பது பயிற்சியாளரின் விருப்பம். பல ஆண்டு உதவித்தொகைக்கு 2012இல்தான் மறுபடி வழி திறந்தது. அதையும் ரத்து செய்யக் கல்லூரிகள் வாக்கெடுப்பு நடத்தி, மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றன. 2015இல் ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்களை (தங்களுக்குள் போட்டியிடும் கல்லூரிகளின் கூட்டமைப்புகளை) சேர்ந்த 65 கல்லூரிகள், ஆட்டத்திறன் குறைந்தது, காயம் பட்டது என்ற காரணங்களுக்காக உதவித்தொகையை நிறுத்த மாட்டோம் என்று விதி செய்துகொண்டன. 2024 ஆகஸ்டில் இந்தப் பாதுகாப்பு டிவிஷன் 1 முழுமைக்கும் வந்தது. காகிதத்தில் இது நல்ல விதி. நடைமுறையில், வேண்டாத ஆட்டக்காரரை அழைத்து, 'உதவித்தொகை இருக்கும், ஆனால் இங்கே உனக்கு ஆட நேரம் கிடைக்காது' என்று சொன்னால் போதும். அவர் போர்ட்டலில் பெயர் கொடுத்தால், நடப்புக் கல்விப் பருவத்தின் முடிவில் உதவியை நிறுத்தக் கல்லூரிக்கு உரிமை வந்துவிடும். அந்த உரையாடல் முடிந்து வெளியே வருபவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். தாமாகவே விலகியதாகப் படிவத்தில் எழுதியிருக்கும்.

ஆட்டக்காரர்களை இப்படி வெளியேற்றுவதைத் தடுக்க ஒருகாலத்தில் உண்மையிலேயே கூர்மையான ஒரு விதி இருந்தது. 2000களின் தொடக்கத்தில், ஆண்கள் அணி ஓராண்டில் ஐந்து பேருக்கும் இரண்டு ஆண்டுகளில் எட்டுப் பேருக்கும் மேல் புதிதாக உதவித்தொகை கொடுக்கக் கூடாது என்றார்கள். ஒருவரை வெளியே தள்ளினால் அந்த இடத்தை நிரப்ப முடியாது; ஆகவே தள்ளுவதில் லாபம் இல்லை. பயிற்சியாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தானாக வெளியேறுபவர்களின் இடத்தையும் நிரப்ப முடியவில்லை என்ற அவர்களுடைய குறையிலும் உண்மை இருந்தது. 2004இல் விதியைக் கைவிட்டார்கள். அதைத் திருத்தி வைத்திருக்கலாம், எடுத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

வாக்கு எந்த அளவுக்கு ஒருபக்கச் சார்பானது என்பதற்கு இன்னொரு சான்று, 1964 முதல் இருந்த தேசிய சம்மதக் கடிதம். அதில் கையெழுத்திட்ட மாணவர் வேறு கல்லூரிக்குப் போனால் ஓராண்டு ஆட்டத் தகுதியை இழப்பார். நீ கையெழுத்திடுவது கல்லூரியோடு, பயிற்சியாளரோடு அல்ல. அவர் போய்விட்டாலும் கடிதம் உன்னைக் கட்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. 2015இல் அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் ரோக்வான் ஸ்மித், தன்னைச் சேர்க்கவிருந்த பயிற்சியாளர் வேறு வேலைக்குப் போகிறார் என்று தெரிந்ததும் அந்தக் கடிதத்தில் கையெழுத்திடவே மறுத்தார். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் உதவித்தொகைக் காகிதத்தில் மட்டும் கையெழுத்திட்டுச் சேர்ந்தார். அவரைப்போல எல்லாக் கல்லூரிகளும் விரும்பிய ஒருவரால்தான் அப்படிச் செய்ய முடிந்தது. 2024 அக்டோபரில் அந்தக் கடித முறையையே ஒழித்துவிட்டார்கள். இப்போது உதவித்தொகைக் காகிதமே கையெழுத்து. அது ஆனவுடன் மற்ற கல்லூரிகள் அந்த மாணவரைத் தொடர்புகொள்ளக் கூடாது.

சரி, நீதிமன்றம். அமெரிக்க ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு கோட்பாடு உண்டு: ஒருவர் கொடுத்த வாக்கை நியாயமாக நம்பி மற்றவர் நடந்து, அதனால் நட்டப்பட்டால், முறையான ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வாக்குக் கொடுத்தவரைப் பொறுப்பாக்கலாம். உங்கள் மகன் இரண்டு கல்லூரிகளை விட்டான் அல்லவா, அது இங்கே எடுபடக்கூடிய வாதம். ஆனால் நடுவில் கடக்க வேண்டியவை அதிகம். வாய்மொழி வாக்கு கட்டுப்படுத்தாது என்று ஊரறிந்த துறையில் அதை நம்பியது நியாயமா என்று எதிர்த்தரப்பு கேட்கும். உதவிப் பயிற்சியாளருக்கு வாக்குக் கொடுக்கும் அதிகாரம் இருந்ததா என்று கேட்கும். அந்த இரண்டு கல்லூரிகள் உண்மையிலேயே காகிதம் கொடுத்திருக்குமா, அதன் மதிப்பு என்ன என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். அது மாநிலப் பல்கலைக்கழகமாக இருந்தால், அரசின் மீது வழக்குத் தொடுப்பதற்கு உள்ள தடைகளும் சேரும். இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் உள்ளூர் வழக்கறிஞர்தான் சொல்ல முடியும்.

நீதிமன்றங்கள் காகிதத்தை ஒப்பந்தமாக மதித்திருக்கின்றன, ஆனால் அது இரு பக்கமும் வெட்டியிருக்கிறது. படிப்பில் கவனம் செலுத்துவதற்காக ஆடுவதை நிறுத்திய வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக மாணவரின் வழக்கில், ஆடுவது ஒப்பந்தத்தின் பகுதி என்று வட கரோலினா மேல்முறையீட்டு நீதிமன்றம் 1972இல் கல்லூரியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தில் 1978 முதல் 1982 வரை கூடைப்பந்து ஆடி, ஏழாம் வகுப்பு அளவுக்கே வாசிக்கத் தெரிந்த நிலையில் வெளியேறிய கெவின் ராஸ் தொடுத்த வழக்கில், கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் ஒரு சிறு கதவைத் திறந்தது: கல்வித் தரம் மோசம் என்று வழக்காட முடியாது, ஆனால் குறிப்பிட்ட ஒன்றைத் தருவதாக வாக்களித்துவிட்டுக் கொஞ்சமும் தராமல் இருந்தால் அதைக் கேட்கலாம். இந்த இரண்டும் ஏற்கெனவே கல்லூரிக்குள் இருந்தவர்களின் வழக்குகள். உங்கள் மகன் இன்னும் வெளியே நிற்பவன்; அவனுடைய பிடி இதைவிடத் தளர்வானது. பணமும் இரண்டு மூன்று ஆண்டுகளும் போகும். அவன் ஆட வேண்டிய ஆண்டுகளும் அவையே. போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிப் பாருங்கள். வழக்கை நம்பி அடுத்த படியைத் தள்ளிப்போடாதீர்கள்.

சட்டம் இவ்விஷயத்தில் முழுக் குருடு அல்ல என்பதற்கு அண்மைய நிகழ்வு ஒன்று இருக்கிறது. கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு வருமானத்தில் நேரடியாகப் பங்கு தரலாம் என்ற 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்தை, 2025 ஜூன் 6 அன்று கலிஃபோர்னியாவில் நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றார். அதில் உதவித்தொகை எண்ணிக்கை வரம்பு போய், அணியில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்ற வரம்பு வந்தது, கூடைப்பந்துக்கு 15. சமரசம் உறுதியாகும் முன்பே பல விளையாட்டுகளில் கல்லூரிகள் ஆட்களைக் குறைத்தன. வரவிருந்த மாணவர்களிடம் கொடுத்த வாக்கையும் விலக்கிக்கொண்டன. அதைக் காரணம் காட்டி நீதிபதி ஏப்ரலில் சமரசத்தை அப்படியே ஏற்க மறுத்தார். முடிவில், இடமிழந்தவர்களும் வாக்களிக்கப்பட்டு இடமிழந்த பள்ளி மாணவர்களும் தனிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களைத் திரும்ப எடுத்தால் வரம்பில் எண்ண வேண்டியதில்லை. திரும்ப எடுக்கும் கட்டாயம் மட்டும் கல்லூரிகளுக்கு இல்லை. அது பாதி நீதிதான். ஆனாலும் பள்ளி மாணவனுக்குக் கொடுத்த வாக்கு ஒரு நீதிமன்றத்தில் எடையுள்ள பொருளாக வைக்கப்பட்டது எனக்குப் பெரிய விஷயம்.

நியாயமா என்ற கேள்விக்கு வருகிறேன். எல்லா விலக்கலும் ஒன்றல்ல. பையன் மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டாலோ கடுமையான குற்றத்தில் மாட்டினாலோ கல்லூரி விலகுவதில் தவறில்லை; முன்கூட்டியே அதைச் சொல்லியிருந்தால் போதும். பயிற்சியாளர் மாறினால் நடப்பது கடினமான இடம். 2024 ஏப்ரலில் ஜான் காலிபாரி கென்டக்கியிலிருந்து ஆர்கன்சாவுக்குப் போனார். அவர் சேர்த்த மாணவர்களில் சிலர் பின்னாலேயே போனார்கள், கென்டக்கி அணியே ஏறக்குறையக் காலியானது. அங்கே புதிய பயிற்சியாளராக வந்த மார்க் போப், பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் விட்டுவந்த இடத்திலும் அதேபோல் ஆட்கள் நகர்ந்தார்கள். புதியவர் தமக்குத் தெரியாத பையன்களோடு ஆட விரும்பாததை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் கொடுத்த வாக்கு பல்கலைக்கழகத்தின் பெயரில் கொடுக்கப்பட்டது; ஆளை மாற்றியது பல்கலைக்கழகம்; ஆகவே அந்த வாக்கை ஏற்கும் கடமையும் அதற்கே. மூன்றாவது வகை, எல்லாம் சரியாக இருக்க, இன்னும் நல்லவர் கிடைத்தார் என்பதற்காக விலக்குவது. உங்கள் மகனுக்கு நடந்தது அது. விதி அனுமதிக்கிறது. அது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வாக்கின் மதிப்பு, அவன் வேறு கதவுகளை மூடினான் என்பதில் இருந்தது. அந்த மதிப்பைக் கல்லூரி எட்டு மாதம் அனுபவித்துவிட்டு, அவன் மூடிய கதவுகள் திரும்பத் திறக்க முடியாத மாதத்தில் வாக்கைக் கைவிட்டது.

மாணவர்களும் வாக்கு மாறுகிறார்களே என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். சிறிய கல்லூரி ஒன்று இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த பையன், பெரிய அணி கூப்பிட்டதும் ஒரு குறுஞ்செய்தியோடு போய்விடுவதும் உண்டு. அதுவும் தவறே, உங்கள் மகன் அப்படிச் செய்யவில்லை என்பதை நீங்கள் பெருமையாக நினைக்கலாம். ஆனால் பையன் மாறினால் அணிக்கு ஓர் இடம் காலியாகிறது, போர்ட்டலில் அதை நிரப்ப ஆயிரம் பெயர்கள் இருக்கின்றன. கல்லூரி மாறினால் பையனுக்கு இருந்த ஒரே இடம் போகிறது. மேலும் ஒருபுறம் பதினேழு வயது. மறுபுறம் இதையே தொழிலாகச் செய்து சம்பளம் வாங்கும் பெரியவர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. மறுத்துவிட்ட அந்த இரண்டு கல்லூரிகளையும் பையனே இன்றே அழைக்கட்டும். நடந்ததை ஒளிக்காமல் சொல்லட்டும். அவர்களிடம் இடம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் மரியாதையாக விலகியவனைப் பயிற்சியாளர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். தெரிந்த அணிகளுக்கு ஒரு வார்த்தை சொல்லவும் செய்வார்கள். டிவிஷன் 2 அணிகள் ஏப்ரல், மே வரை ஆள் எடுக்கின்றன. அங்கே உதவித்தொகை பெரும்பாலும் பகுதியாகக் கிடைக்கும், படிப்புக்கான உதவியோடு சேர்த்தால் பெரும்பகுதி அடைபடலாம். டிவிஷன் 3இல் விளையாட்டுக்கென உதவித்தொகை இல்லை. ஆனால் மதிப்பெண் நன்றாக இருந்தால் படிப்புக்கான உதவி சில இடங்களில் தாராளம். இரண்டாண்டு சமுதாயக் கல்லூரி இன்னொரு வழி. முதுநிலைப் பள்ளி ஆண்டு என்று ஓராண்டு கூடுதலாகப் பள்ளியில் படித்து ஆடுவதும் உண்டு. ஆனால் அதற்குச் செலவு உண்டு. ஆட்டத் தகுதி கெடாதா என்பதை என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் முதலில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக யார் இடம் தருவதாகச் சொன்னாலும் அன்றே நான்கு கேள்விகள் கேளுங்கள்: நான் இந்த நிமிடம் சம்மதித்தால் இடம் எனக்கா? இதே இடத்துக்கு வேறு யாரிடம் பேசியிருக்கிறீர்கள்? காகிதம் எந்தத் தேதியில் வரும்? தலைமைப் பயிற்சியாளரே இதை மின்னஞ்சலில் எழுதுவாரா? எழுதினாலும் சட்டப்படி கட்டுப்படுத்தாமல் போகலாம். ஆனால் எழுதத் தயங்குகிறவர் எதைச் செய்யப்போகிறார் என்பது அந்தத் தயக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். பயிற்சியாளருக்கு அல்ல, விளையாட்டுத் துறை இயக்குநருக்கு, கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு ஒரு படியோடு. கோபம் வேண்டாம். எந்தத் தேதியில் யார் அழைத்தார், என்ன சொன்னார், எந்தக் கல்லூரிகளை மகன் மறுத்தான், நவம்பரில் என்ன பதில் வந்தது, ஏப்ரலில் என்ன நடந்தது என்று வரிசையாக ஒரு பக்கம். குறுஞ்செய்திகள் இருந்தால் படம் எடுத்து இணையுங்கள். முடிவில் குறிப்பாகக் கேளுங்கள்: மகன் அங்கேயே படிக்க விரும்பினால் படிப்புக்கான உதவித்தொகைக்கு அவனைப் பரிசீலிப்பார்களா, உதவித்தொகை இல்லாத ஆட்டக்காரராக அணியில் இடம் உண்டா, மற்ற கல்லூரிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளர் தம் பெயரில் பரிந்துரைத்துப் பேசுவாரா. முதல் இரண்டும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. மூன்றாவது பெரும்பாலும் கிடைக்கும், ஏனென்றால் நிர்வாகத்தின் மேசைக்கு அந்தக் கடிதம் வந்துவிட்டால் பயிற்சியாளர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். என் அலுவலகத்துக்கு அப்படி வந்த கடிதங்களை நாங்கள் கோப்பில் போட்டுவிட்டு மறந்ததில்லை. அடுத்த ஆள்சேர்ப்புக் கூட்டத்தில் பயிற்சியாளரின் முன்னால் வைத்துப் பேசியிருக்கிறோம்.